பாதி மாநிலத்துக்கு, பாதி ஊருக்கு

நியூ ஜெர்சியில், ஓபியாய்டு என்ற அபின் வகை வலி மருந்துகளை விற்ற நிறுவனங்கள் மேல் போட்ட வழக்குகளில் கிடைத்த பணம் சரிபாதியாகப் பிரிகிறது. ஒரு பாதி டிரென்டனில் இருக்கும் மாநில அரசுக்கு. இன்னொரு பாதி 21 கவுண்டிகளுக்கும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), பத்தாயிரம் பேருக்கு மேல் வாழ்கிற, அல்லது தாங்களே வழக்குத் தொடுத்த நகராட்சிகளுக்கும். 2038 வரை தவணை தவணையாக வரவிருக்கும் மொத்தத் தொகை 100 கோடி டாலரைத் தாண்டும். எடிசனில் ஒரு பொங்கல் விழாவில் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு பணம் வந்துகொண்டிருப்பதே பெரும்பாலானோருக்குத் தெரியாது. பள்ளிக்கூட வரி ஏறினால் நகராட்சிக் கூட்டத்துக்குப் படையெடுக்கிற நாம், இந்தப் பணம் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1996-ல் பர்டூ நிறுவனத்தின் ஆக்ஸிகான்டின் சந்தைக்கு வந்தது. முதுகுவலிக்கும் பல்வலிக்கும்கூட ஓபியாய்டு மாத்திரைகளை அள்ளி எழுதிக் கொடுத்த காலம் அது. மாத்திரைக்கு அடிமையானவர்கள் மாத்திரை கிடைக்காதபோது ஹெராயினுக்குப் போனார்கள், அப்புறம் அதைவிட வீரியமான ஃபென்டனில் வந்தது. 2021, 2022, 2023 என்று மூன்று ஆண்டுகளும் அமெரிக்காவில் போதை மருந்து அளவு மீறி இறந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். பிறகுதான் அந்த எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது.

மாத்திரை எப்படிப் பாய்ந்தது என்பதற்கு மேற்கு வர்ஜீனியாதான் சாட்சி. ஆறே ஆண்டுகளில் அந்தச் சின்ன மாநிலத்துக்குள் 78 கோடி வலி மாத்திரைகள் அனுப்பப்பட்டதை எரிக் ஐர் என்ற பத்திரிகையாளர் வெளிக்கொண்டு வந்தார், 2017-ல் புலிட்சர் பரிசும் பெற்றார். கெர்மிட் என்ற ஊரில் சுமார் 400 பேர்தான். அங்கிருந்த ஒரு மருந்துக் கடைக்கு இரண்டு ஆண்டுகளில் போனது கிட்டத்தட்ட 90 லட்சம் மாத்திரை. விநியோகித்தவர்கள் கண்ணில் இது படவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

நாடு முழுவதும் கவுண்டிகளும் நகரங்களும் பழங்குடி அரசுகளும் வழக்குத் தொடுத்தன. அப்படி 3,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் கிளீவ்லாந்தில் நீதிபதி டான் போல்ஸ்டர் முன் குவிந்தன. 2021 ஜூலையில் 2,600 கோடி டாலர் சமரசம் அறிவிக்கப்பட்டது. மெக்கெஸன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன் என்ற மூன்று மொத்த விநியோக நிறுவனங்கள் 18 ஆண்டுகளில் 2,100 கோடியும், ஜான்சன் அண்ட் ஜான்சன் 500 கோடி வரையும் தருவதாக ஏற்றுக்கொண்டன. குற்றத்தை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அதில் நியூ ஜெர்சியின் பங்கு 64.1 கோடி. பின்னால் சிவிஎஸ், வால்கிரீன்ஸ், வால்மார்ட், டேவா, அலர்கன் ஆகியவற்றோடு செய்துகொண்ட சமரசங்களில் இன்னும் 50.8 கோடி. பர்டூவின் கதை தனி. அது திவாலானபோது போட்ட முதல் சமரசத் திட்டத்தை 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று தள்ளியது. திருத்திய 740 கோடி டாலர் திட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் திவால் நீதிமன்றம் சம்மதம் தந்தது.

ஜான்சன் அண்ட் ஜான்சனின் தலைமையகம் நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கிறது. அந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் யாராவது ஒருவராவது மருந்து நிறுவனத்திலோ, மருந்து நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்திலோ வேலை பார்க்கிறார். நானும் அப்படித்தான் இந்த நாட்டுக்கு வந்தேன். அதனால் இந்தப் பேச்சை எடுத்தால் நம்மிடையே ஒரு சங்கடமான மௌனம் விழும். "நம்ம பிள்ளைகளுக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று யாராவது சொல்லிப் பேச்சை மாற்றுவார்கள். வந்திருக்கிறது. வந்த வீடுகளில் மாரடைப்பு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களால் வாய்விட்டு அழக்கூட முடியாதபடி வைத்திருக்கிற நம் மேல்தான் கோபம்.

சரி, பங்கீட்டுக்கு வருவோம். ஏன் பாதிக்குப் பாதி? மாநில அரசே வாங்கி மாநில அரசே செலவழித்தால் என்ன?

அதற்கு 1998-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு சிகரெட் நிறுவனங்கள் 46 மாநிலங்களோடு ஒப்பந்தம் செய்தன. முதல் 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் என்று கணக்கு. புகைப்பழக்கத்தைத் தடுக்கவும் நுரையீரல் நோயாளிகளைப் பார்க்கவும் அந்தப் பணம் போகும் என்று மக்கள் நம்பினார்கள். ஒப்பந்தத்தில் அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. பணம் மாநிலங்களின் பொதுக் கருவூலத்தில் கலந்து, பட்ஜெட் ஓட்டைகளை அடைக்கப் போனது. தடுப்புக்குப் போனது மிகச் சிறிய துண்டு. நியூயார்க் மாநிலத்தின் நயாகரா கவுண்டியில் கோல்ஃப் மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவி வாங்கினார்கள். வட கரோலினாவில் புகையிலை விவசாயத்தை நவீனப்படுத்தவே ஒரு பகுதி போனது.

ஓபியாய்டு வழக்கில் கவுண்டிகள் இதை மறக்கவில்லை. மாநிலம் வழக்குப் போடட்டும் என்று காத்திருக்காமல் தாங்களே நீதிமன்றம் போனதற்கு இந்த நினைவும் ஒரு காரணம். அது அவர்களுக்குக் கையில் ஒரு பிடியும் தந்தது. நிறுவனங்களுக்கு வேண்டியது ஒரேயடியான நிம்மதி: இன்று கையெழுத்துப் போட்டால் நாளை எந்த ஊரும் வழக்கோடு வரக்கூடாது. மாநிலம் மட்டும் கையெழுத்திட்டால் அந்த நிம்மதி கிடைக்காது. ஆகவே, எத்தனை கவுண்டிகளும் நகரங்களும் சேர்கின்றனவோ அதற்கேற்ப மாநிலத்துக்கு வரும் தொகை கூடும் என்று ஒப்பந்தத்தை எழுதினார்கள். ஊர்களைச் சேர்க்க மாநிலங்கள் அவற்றோடு உட்கார்ந்து பங்கு பேச வேண்டியிருந்தது. இந்த முறை பணத்தில் குறைந்தது 85 சதவீதமாவது போதைச் சிக்கலைச் சரிசெய்யத்தான் போக வேண்டும் என்ற நிபந்தனையும் தேசிய ஒப்பந்தத்தில் ஏறியது. அந்த நிபந்தனை ஏறியதற்குப் புகையிலைப் பணத்தின் கதைதான் காரணம்.

ஒவ்வொரு மாநிலமும் தன் வழியில் பிரித்துக்கொண்டது. வட கரோலினாவில் 80 சதவீதம் கவுண்டி, நகரங்களுக்கு, 15 மாநிலத்துக்கு, 5 ஊக்கத்தொகை. கென்டக்கியில் பாதிக்குப் பாதி. மேற்கு வர்ஜீனியாவில் 72.5 சதவீதம் இதற்கென்றே தொடங்கிய ஒரு தனி அறக்கட்டளைக்கு, 24.5 உள்ளூர்களுக்கு. ஒஹாயோவில் 55 சதவீதம் அறக்கட்டளைக்கு, 30 ஊர்களுக்கு, 15 மாநிலத்துக்கு. அறக்கட்டளை என்றால் அரசியல் கை படாது என்பது வாதம். ஆனால் ஒஹாயோவில் அந்த அறக்கட்டளையின் ஆவணங்களைப் பார்க்கவே மக்கள் வழக்குப் போட வேண்டியிருந்தது. அது பொது ஆவணச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று 2023-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. இறந்தவர்களின் பேரில் வந்த பணத்தின் கணக்கைப் பார்க்க நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கிறது என்றால், அந்த ஏற்பாடு எனக்கு வேண்டாம்.

என் மனம் முதலில் ஊர்ப் பக்கம்தான் சாய்ந்தது. என்னோடு பல வருடம் வேலை பார்த்த ஒருவரின் தம்பி கூரை வேய்கிற வேலை செய்தவர். தோளில் அடிபட்டு மாத்திரையில் தொடங்கியவர். இரண்டு முறை கவுண்டி சிறையில் இருந்தார். ஒரு குளிர்கால விடியலில் அவர் அம்மா குளியலறைக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு 911-ஐ அழைத்தார். வந்தது டவுன்ஷிப் ஆம்புலன்ஸ். கூடவே வந்த உள்ளூர்ப் போலீஸ்காரர் அந்தத் தம்பியோடு பள்ளியில் படித்தவர். இது அந்த வீட்டுக்கு முதல் முறை அல்ல. முந்தைய முறைகளில் அதே ஆட்கள்தான் வந்து ஓபியாய்டு போதையை முறிக்கும் நலோக்ஸோன் மருந்தை மூக்கில் அடித்து உயிரை மீட்டார்கள். சிறைச் செலவு கவுண்டியுடையது. ஆம்புலன்ஸ் செலவு ஊருடையது. வருடக்கணக்கில் இந்தச் சுமையைத் தாங்கியவர்களுக்குப் பணம் போகட்டும் என்று தோன்றியது.

கவுண்டியின் ஆலோசனைக் குழுக் கூட்டத்துக்குப் போனபோது அந்த எண்ணம் இன்னும் உறுதியானது. உள்ளூர்ப் பங்கை எப்படிச் செலவழிப்பது என்று யோசனை சொல்ல ஒவ்வொரு கவுண்டியிலும் இப்படி ஒரு குழு இருக்க வேண்டும். நான் போன கூட்டத்தில் பொதுமக்கள் நேரத்தில் எழுந்த ஒருவர், ஓபியாய்டு போதையிலிருந்து மீள உதவும் மெத்தடோன் என்ற மருந்துச் சிகிச்சையில் இருப்பவர். போதைச் சிகிச்சைக்கான மெத்தடோனை மருந்துக் கடையில் வாங்க முடியாது. கூட்டரசு அனுமதி பெற்ற மையத்துக்கு நேரில் போய்த்தான் வாங்க வேண்டும், பலர் ஆரம்பக் காலத்தில் ஏறக்குறைய தினமும் போகிறார்கள். அவர் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார், ஷிப்ட் காலை ஏழு மணிக்கு. மையம் ஐந்தரைக்குத் திறக்கும். முதல் பஸ் அதற்குப் பிறகுதான். "எனக்கு விளம்பரப் பலகை வேண்டாம், ஒரு வேன் வேண்டும்" என்றார். குழுவில் இருந்த ஒரு பெண்மணி உடனே எந்தப் பஸ், எந்த நிறுத்தம் என்று கேட்டார். அவருக்கு அந்தச் சாலை தெரியும். அந்த மையத்துக்குப் போகிற மற்றவர்கள் எந்தப் பகுதிகளிலிருந்து வருகிறார்கள் என்பதும் தெரியும். டிரென்டனில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த ஐந்தரை மணி பஸ் அவர் கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் முழுப் பணமும் ஊருக்கே என்று சொல்ல என்னால் முடியவில்லை. காரணம் அட்லாண்டிக் சிட்டி.

ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொள்கிறவர்களுக்குச் சுத்தமான ஊசி தருகிற, அவர்களை மெல்லச் சிகிச்சைக்குக் கொண்டுவருகிற மையங்கள் நியூ ஜெர்சியில் பல வருடம் விரல் விட்டு எண்ணக்கூடியவையாகவே இருந்தன. ஒரு ஊரில் மையம் திறக்க வேண்டுமென்றால் அந்த ஊர் மன்றம் தீர்மானம் போட வேண்டும் என்பது பழைய சட்டம். எந்தக் கவுன்சிலர் அதற்குக் கை தூக்கி அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்கப் போவார்? 2021-ல் அட்லாண்டிக் சிட்டி மன்றம், அங்கே நீண்ட காலமாக நடந்துவந்த மையத்தின் அனுமதியையே திரும்பப் பெற வாக்களித்தது. 2022 ஜனவரியில் அப்போதைய ஆளுநர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்ட சட்டம் அந்த அதிகாரத்தை ஊர்களிடமிருந்து எடுத்து மாநிலச் சுகாதாரத் துறையிடம் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் மையங்கள் பல மடங்கு பெருகின. சமரசப் பணத்தில் மாநிலப் பங்கிலிருந்து மாநில ஆலோசனைக் குழுவின் பரிந்துரைப்படி ஒதுக்கிய தொகைகளிலும் இவற்றுக்குப் பெரிய இடம் கிடைத்தது.

ஆக, பக்கத்து வீட்டுக்காரர்கள் எதிர்க்கிற, ஆனால் உயிர் காக்கிற வேலைக்கு மாநிலத்தின் பாதி. தலைநகரத்துக்குத் தெரியாத ஐந்தரை மணி பஸ்ஸுக்கு ஊரின் பாதி. நியூ ஜெர்சியில் இந்தப் பிரிப்பு எந்தக் கணக்கில் பேசி முடிக்கப்பட்டிருந்தாலும், விளைவைப் பார்த்தால் அது நல்ல பிரிப்பு என்றே நினைக்கிறேன். பாதி வாங்கியவர் பாதிக்கான வேலையைச் செய்கிறாரா என்பதுதான் மிச்சம்.

2025-ல் இரண்டு பக்கமும் சறுக்கியது.

ஊர்ப் பக்கம்: எஸெக்ஸ் கவுண்டியில் இருக்கும் இர்விங்டன், சுமார் அறுபதாயிரம் பேர் வாழும் டவுன்ஷிப். போதையால் அதிகம் அடிபட்ட ஊர். அந்த ஊர் 2023, 2024 ஆண்டுகளில் ஓபியாய்டு விழிப்புணர்வு என்ற பெயரில் நடத்திய இரண்டு இசை நிகழ்ச்சிகளுக்கு இந்தப் பணத்திலிருந்து 6.3 லட்சம் டாலருக்கும் மேல் செலவழித்தது என்று அரசுச் செலவுகளைத் தணிக்கை செய்யும் மாநில கம்ப்ட்ரோலர் அலுவலகம் அறிக்கை வெளியிட்டது. கலைஞர்களுக்குச் சொகுசு டிரெய்லர், பாப்கார்ன், பஞ்சுமிட்டாய் எல்லாம் கணக்கில் இருந்தன. தாங்கள் செய்தது சரிதான் என்று டவுன்ஷிப் மறுத்தது, அறிக்கையையே எதிர்த்து நின்றது. விழிப்புணர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊரில் அந்த ஆறு லட்சத்துக்கு எத்தனை பேருக்குச் சிகிச்சை தொடங்கியிருக்கலாம், எத்தனை பேருக்கு ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்க இடம் கொடுத்திருக்கலாம் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

மாநிலப் பக்கம்: அதே 2025 ஜூன் இறுதியில் மாநில பட்ஜெட் நிறைவேறியபோது, ஓபியாய்டு பணத்திலிருந்து 4.5 கோடி டாலர் நான்கு பெரிய மருத்துவமனைக் குழுமங்களுக்குப் போயிற்று. மாநிலப் பங்கை எப்படிச் செலவழிப்பது என்று யோசனை சொல்ல ஆளுநரே 2022-ல் அமைத்த ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது. பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு அவர்கள் போட்ட திட்டத்தில் இந்த ஒதுக்கீடு இல்லை. பணத்தை நீதிமன்றத்தில் வாங்கிக் கொடுத்த துறையின் அப்போதைய தலைவரான அட்டர்னி ஜெனரல் மேத்யூ பிளாட்கினே வெளிப்படையாக எதிர்த்தார். குழந்தையை இழந்த பெற்றோர்கள் எதிர்த்தார்கள். மெடிகெய்ட் என்ற, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் விழும் வெட்டால் மருத்துவமனைகள் திணறும் என்பது அரசுத் தரப்பின் காரணம். மருத்துவமனைகளுக்குப் பணம் தேவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தேவைப்படுகிற இடமெல்லாம் இந்தப் பெட்டியைத் திறக்கலாம் என்றால், 1998 மறுபடி நடக்கும்.

ஆறு லட்சத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் பஞ்சுமிட்டாய்ப் படங்களோடு நிறைய வந்தது. நாலரைக் கோடியைப் பற்றி அந்த அளவுக்குச் சத்தம் இல்லை. மருத்துவமனை என்ற சொல்லுக்கு இருக்கிற மரியாதை காரணமாக இருக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பெரிய கவலை. இர்விங்டனைப் பிடிக்க ஒரு கம்ப்ட்ரோலர் இருந்தார். சட்டமன்றமே பட்ஜெட்டில் எழுதிவிட்டால் யார் பிடிப்பது?

கண்ணில் சுலபமாகப் படாத இன்னொரு சறுக்கலும் உண்டு. ஏற்கெனவே பட்ஜெட்டிலிருந்து சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பணியிடத்தை இந்தப் பணத்துக்கு மாற்றிவிடுவார்கள். காகிதத்தில் அது போதை ஒழிப்புப் பணிதான், விதியை மீறவில்லை. ஆனால் தெருவில் ஒரு ஆள்கூடக் கூடவில்லை, மிச்சமான பழைய பணம் வேறு எங்கோ போய்விடும். உள்ளூர் அரசுகள் ஆண்டுதோறும் மாநிலத்துக்கு அனுப்பும் செலவு அறிக்கையைப் பொதுமக்கள் இணையத்தில் பார்க்கலாம். அதைப் படிக்கிறவர்கள் ஒவ்வொரு வரிக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இது போன வருடமும் இருந்ததா, இந்தப் பணத்தால் புதிதாக வந்ததா?

என்னைக் கேட்டால், சதவீதத்தைப் பற்றிய சண்டையை விட்டுவிட்டு மூன்று விஷயங்களைச் சட்டமாகவே எழுதச் சொல்வேன். ஆலோசனைக் குழுக்களின் பரிந்துரையைத் தள்ளினால் ஏன் தள்ளினோம் என்று மன்றமும் சட்டமன்றமும் எழுத்தில் சொல்ல வேண்டும். செலவழித்த பிறகு அறிக்கை விடுவது போதாது, செலவுக்கு முன்னால் வரிவரியாக வெளியிட வேண்டும். குழுக்களில் போதையிலிருந்து மீண்டவர்களுக்கும் பிள்ளைகளை இழந்தவர்களுக்கும் நாற்காலி மட்டும் போதாது, வாக்கும் வேண்டும். இதில் கடைசியைத்தான் நான் முதலில் கேட்பேன். ஐந்தரை மணி பஸ்ஸைப் பற்றி அந்த அறையில் முதலில் எடுத்துச் சொன்னவர் சிகிச்சையில் இருக்கும் அந்தக் கிடங்குத் தொழிலாளிதான்.

நம் பங்குக்குச் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்றும் உண்டு. 2023 ஜனவரியிலிருந்து நியூ ஜெர்சியில் 14 வயது நிரம்பிய யாரும் இத்திட்டத்தில் சேர்ந்திருக்கும் மருந்துக் கடைகளில் நலோக்ஸோனை இலவசமாக வாங்கலாம். நான் வாங்கிய கடையில் கவுன்டருக்குப் பின்னால் நின்ற பெண் நம்ம ஊர்க்காரர். தமிழில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அண்ணா, பேர் சொல்ல வேண்டாம், இன்சூரன்ஸ் அட்டை வேண்டாம், யாருக்குன்னும் நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லி, இரண்டு ஸ்பிரே இருந்த பெட்டியை எடுத்து வைத்தார். நிமிர்த்திப் படுக்க வை, தலையைப் பின்னால் சாய், ஒரு மூக்குத் துவாரத்தில் முழுசாக அழுத்து, 911-ஐக் கூப்பிடு, இரண்டு மூன்று நிமிடத்தில் எழவில்லை என்றால் இரண்டாவதை அடி என்று கையால் செய்தே காட்டினார். "தமிழ் ஆட்கள் வாங்குகிறார்களா?" என்று கேட்டேன். "ரொம்பக் கம்மிண்ணா. வாங்கறவங்களும் ஃப்ரெண்டுக்குன்னுதான் சொல்வாங்க. நான் சரின்னு கொடுத்துடுவேன்." அந்தப் பெட்டி இப்போது காரில் இருக்கிறது. இன்னொன்று எங்கள் தமிழ்ப் பள்ளி அலுவலக மேசை இழுப்பறையில், பள்ளியை நடத்துகிறவர்களைக் கேட்டுத்தான் வைத்தேன். ஒருவர் முகம் சுளித்தார், மற்றவர்கள் சரி என்றார்கள்.

அடுத்த கூட்டத்தில் பொதுமக்கள் நேரத்தில் நானும் பெயர் கொடுக்கப் போகிறேன். கேட்கப் போவது இரண்டே கேள்வி. அந்த வேனுக்கு இந்த ஆண்டுக் கணக்கில் பணம் ஒதுக்கியாயிற்றா? ஒதுக்கியிருந்தால் எந்த மாதத்திலிருந்து ஓடும்? அக்கம்பக்கத்துக் கவுண்டிகளில் இருக்கும் நண்பர்கள் தங்கள் கவுண்டியின் இணையதளத்தில் ஓபியாய்டு ஆலோசனைக் குழுவின் கூட்டத் தேதியைத் தேடிப் பாருங்கள். நான் போனபோது பார்வையாளர் வரிசைகளில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது.